கேட்காமல் போட்ட நிறம்

அன்று நான் சொல்லாமல் விட்டது இரண்டே சொற்கள்: “நான் நிற்கிறேன்.”

கர்நாடகத்தில் எங்கள் ஊர் நகராட்சியான புரசபையில் ஐந்தாம் வார்டு இந்த முறை பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. பத்து வருடம் அந்த வார்டின் உறுப்பினராக இருந்த தொட்டப்பா, என் பெரியம்மாவின் கணவர், கூடத்தில் உட்கார்ந்து யாரை நிறுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்த மகள் ஸ்பூர்த்தியைப் போனில் பிடித்து, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, “நீ நிக்கிறியா மகளே? இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசினா எதிராளி ஓடிப்போவான்” என்றார். அவள் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, “அப்போ நீதான்” என்று தொட்டவ்வவிடம், அதாவது என் பெரியம்மா கங்கவ்வவிடம், சொல்லிவிட்டார். அவருக்கும் போனுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள். அந்த வீட்டிலேயே வளர்ந்தவள். என்னை யாரும் கேட்கவில்லை.

போனை வைக்குமுன் ஸ்பூர்த்தி, “லீலா, இனிமே எனக்குப் போன்ல எழுதாதடி. நாள் முழுக்கத் திரையையே பாத்து வெறுத்துப்போச்சு. காகிதத்துல எழுது, உன் கையெழுத்து நல்லாருக்கும்” என்றாள். எனவே எழுதினேன்.

*

லிங்கசுகூரு
ஜனவரி 13

ஸ்பூர்த்தி அக்காவுக்கு, சரணு.

நீ சௌக்கியம் என்று தெரியும். உன் ஆபீஸ் மாடித் தோட்டத்தில் நீ காப்பி குடிக்கும் படத்தைத் தொட்டவ்வ மாவு மில்லில்கூடக் காட்டிவிட்டாள். இங்கே தொட்டப்பாவுக்குக் கொஞ்சம் இருமல், மற்றபடி எல்லோரும் நலம்.

தபால்தலை கேட்டபோது போஸ்ட்மாஸ்டர், “வேலைக்கு விண்ணப்பமா?” என்றார். “அக்காவுக்குக் கடிதம்” என்றேன். நம்பவில்லை. உனக்குக் காகிதம் இப்போது நாகரிகமாகிவிட்டது. இங்கே அது இன்னும் காகிதம்தான்.

தொட்டவ்வ கண்ணாடி முன் நின்று கைகூப்பிப் பழகுகிறாள். “இது சாமி கும்பிடற மாதிரி இருக்கா, ஓட்டுக் கேக்கற மாதிரி இருக்கா?” என்றாள். “ரெண்டுக்கும் நடுவுல இருக்கு” என்றேன். “அப்ப சரி” என்று ரொட்டி தட்டப் போய்விட்டாள். கட்சியில் சீட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுயேச்சையாகத்தான் நிற்கிறாள். சுவரொட்டி மாதிரியைப் பார்த்தேன். தொட்டப்பா படம் முறம் அளவு, வேட்பாளர் படம் ரூபாய் நாணயம் அளவு.

துண்டறிக்கையை நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

இதோடு சங்கராந்தி எள்ளுவெல்லம் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கி,
சிவலீலா

*

பெங்களூரு
ஜனவரி 29

அன்புத் தங்கி லீலாவுக்கு,

நலமா? அப்பாவை இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொல். நான் நலம், தூக்கம் மட்டும் இல்லை. எள்ளுவெல்லம் வந்த அன்றே தீர்ந்தது. உன் கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். கையால் எழுதிய கடிதம் வருகிற ஒரே ஆள் நான்தான். பொறாமைப்படுகிறார்கள்.

ஒரு பெரிய செய்தி. எங்கள் கம்பெனி ‘நெரெஹொரெ’ தொழிலை மாற்றிவிட்டது. இதுவரை அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் லாரி வரவழைக்கும் செயலி செய்தோம் அல்லவா? பணம் போட்டவர்கள் வந்தார்கள். “தண்ணிக்குக் காசு கொடுக்க அழறவன், எலெக்ஷன்னா வீட்டை வித்து செலவு பண்றான்” என்றார்கள். இப்போது அதே செயலியை வேட்பாளர்களுக்காகத் திருப்பிச் செய்கிறோம். வாக்காளர் பட்டியல் முழுவதும் போனில் இருக்கும். வீடு வீடாகப் போகிறவர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நிறம் போடலாம்: நம்மவர் பச்சை, சந்தேகம் மஞ்சள், எதிராளி சிவப்பு. தேர்தல் நெருங்கும்போது உள்ளங்கையளவு பிரிண்டரில் அவரவர் பெயர், வரிசை எண், வாக்குச்சாவடி, வேட்பாளர் படம் எல்லாம் சேர்த்துச் சீட்டு அச்சாகும். மை வேண்டாம், சூட்டில் அச்சாகும் காகிதம். முழு வடிவமைப்பும் என்னுடையது.

முதல் சோதனை அம்மாவின் வார்டில். இலவசம். நீதான் அங்கே என் கண். என்ன தோன்றினாலும் எழுது, முகத்துக்கு நேராகச் சொல்.

அன்புடன்,
ஸ்பூர்த்தி

*

லிங்கசுகூரு
பிப்ரவரி 17

அக்காவுக்கு, சரணு.

நீயும் உன் தூக்கமும் நலம் என்று நம்புகிறேன். தொட்டப்பா இருமல் போய்விட்டது, குரல் திரும்பிவிட்டது. அதனால் எங்களுக்குத்தான் தூக்கமில்லை.

முகத்துக்கு நேராகச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன்.

ஒன்று, வெயிலில் உன் திரையில் ஒன்றும் தெரியவில்லை. வெளிர்சாம்பல் மேல் வெள்ளை எழுத்து. உன் மாடித் தோட்டத்து நிழலில் அழகாக இருக்கும் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ரேணவ்வ முந்தானைக்குள் போனை நுழைத்து, தலையையும் உள்ளே விட்டுப் பார்த்தாள். தெருவில் போகிறவர்கள், “என்ன ரேணவ்வ, உள்ள யாரு?” என்று கேட்கிறார்கள்.

அடுத்தது, ஒரே வீட்டில் இருக்கும் ஏழு பேர் ஏழு பக்கத்தில் இருக்கிறார்கள். அகர வரிசை அலுவலகத்துக்குத்தான். ஓட்டு வீடு வீடாகத்தான் இருக்கிறது.

பிறகு, ஒவ்வொரு பெயருக்கும் நிறம் போட்டு முடித்ததும் உன் செயலி, “உங்கள் லாரி புறப்பட்டுவிட்டது” என்று அறிவிக்கிறது. கும்பாரத் தெருவில் அதைச் சத்தமாகப் படித்துவிட்டாள் ரேணவ்வ. பத்து நிமிடத்தில் குடத்தோடு வரிசை நின்றுவிட்டது. தண்ணீர் வரவில்லை என்றதும், “ஜெயிக்கறதுக்கு முன்னாடியே ஏமாத்தறாங்க பாரு” என்று ஒரு கிழவி தொட்டவ்வவைப் பார்த்துக் கையை உதறினாள். அந்தத் தெரு முழுவதையும் மஞ்சளாக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று. என் பெயரையும் தேடிப் பார்த்தேன். பச்சையாக இருந்தது. இந்த வீட்டு முகவரியில் இருப்பவர்களையெல்லாம் ஆரம்பத்திலேயே பச்சையாக்கிவிட்டாயாம். சரிதான். யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர அதில் குறை ஒன்றுமில்லை.

தொட்டவ்வ, வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

சிவலீலா

*

பெங்களூரு
மார்ச் 6

லீலாவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

லாரியை எடுத்துவிட்டோம். வீடு வாரியாகப் பட்டியலும் வந்துவிட்டது, இதைப் பார்த்துப் பணம் போட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, எப்படித் தோன்றியது இந்த யோசனை என்று கேட்டார்கள். களத்திலிருந்து வந்த கருத்து என்றேன். உன் பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அங்கே பெயர் சொன்னால் யார், எந்த நிறுவனம், என்ன பதவி என்றெல்லாம் விளக்க வேண்டிவரும்.

வெயில் விஷயம் இன்னும் இருக்கிறது. எங்கள் குழுவுக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடித்திருக்கிறது.

நீ குறையை எழுதும் விதத்தில் ஒரு சந்தோஷம் தெரிகிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அம்மாவுக்கு முத்தம்.

ஸ்பூர்த்தி

*

லிங்கசுகூரு
ஏப்ரல் 8

அக்காவுக்கு, சரணு.

யுகாதி வாழ்த்து. வேப்பம்பூவும் வெல்லமும் இன்று எங்களுக்குச் சரியாகவே கலந்தது. உனக்கு அங்கே வேப்பம்பூ கிடைத்ததா? எல்லோரும் நலம். வெயில்தான் இப்போதே கொளுத்துகிறது.

கைதட்டலுக்கு மகிழ்ச்சி. களம் நலமாக இருக்கிறது என்று உன் முதலாளிகளிடம் சொல்.

இங்கேயும் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. பசவண்ணர் கோயில் எதிரே கூட்டம். தொட்டவ்வ மைக்கைப் பிடித்தாள், “எல்லாரும் சாப்டீங்களா?” என்றாள், அதோடு சரி. மீதியை நீ பேசு என்று மைக்கை என் கையில் திணித்துவிட்டாள். சாக்கடையைப் பற்றி, பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஆண் ஒருவர் வைத்திருப்பதைப் பற்றி, என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. முடித்தபோது தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். தொட்டப்பாவின் நண்பர் ஒருவர், “இந்தப் பொண்ணையே நிறுத்தியிருக்கலாமேப்பா” என்றார். தொட்டப்பா, “ஆங், ஆங்” என்று சொல்லி அவருக்கு மண்டக்கிப் பொரியும் மிர்ச்சி பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார்.

தொட்டவ்வ மறுபடி மைக்கை வாங்கினாள். “இவ என் சின்ன மக” என்றாள். வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த மாதுளை நிற இல்கல் சேலையை எடுத்துக் கொடுத்தாள். போன தீபாவளிக்கு உனக்கு எடுத்துக் காட்டியபோது, “இதைக் கட்டிட்டு நான் எங்க போறது?” என்று கேட்டாயே, அதுதான். எனக்குப் போக இடம் இருந்தது. ராம நவமிக்கு ஊர்வலத்தில் கட்டிக்கொண்டு போகப்போகிறேன்.

உன் சாப்பாட்டைக் கவனி. படத்தில் இளைத்துத் தெரிகிறாய் என்று உன் அம்மா சொன்னாள்.

சிவலீலா

*

பெங்களூரு
ஏப்ரல் 24

லீலாவுக்கு,

எல்லோரும் நலம்தானே. பிரிண்டர்கள் இரண்டும் காகிதச் சுருள்களும் பஸ் பார்சலில் வருகின்றன, டெப்போவில் வாங்கிக்கொள்.

அந்தச் சேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கே போவது என்றுதான் கேட்டேன். இரண்டும் ஒன்றல்ல. கட்டிப் பார்க்கும் முன்பே பெட்டியில் வைத்துவிட்டாள்.

கூட்டத்து வீடியோவை அப்பா அனுப்பினார். பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். சின்ன மகள் என்றால் பெரியவள் ஒருத்தி இருக்கிறாள் என்று அங்கே யாருக்காவது தோன்றியிருக்குமா என்று பார்த்தேன்.

வேலை கழுத்துவரை இருக்கிறது. இனி பதில் தாமதமாகும்.

ஸ்பூர்த்தி

*

லிங்கசுகூரு
மே 4

அக்காவுக்கு, சரணு.

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயிலில் காகம்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. தொட்டவ்வவுக்குக் காலில் கொப்புளம். இருந்தாலும் நடக்கிறாள்.

பார்சல் வந்தது. பிரிண்டர் நன்றாக வேலை செய்கிறது. ரேணவ்வ அதை இடுப்பில் செருகிக்கொண்டு, “நான் இப்ப பஸ் கண்டக்டரு” என்று தெருவெல்லாம் ‘ரைட், ரைட்’ சொல்கிறாள்.

ஒரு முக்கியமான விஷயம் கேட்க வேண்டும். மாதிரிச் சீட்டை நாலைந்து வீட்டில் காட்டினேன். “சாமான் வாங்கின பில்லு மாதிரி இருக்கு” என்கிறார்கள். கசக்கிச் சுருக்குப்பையில் போடுகிறார்கள். இங்கே மதிப்புள்ள காகிதம் எதுவானாலும் பிளாஸ்டிக் உறையில்தான் இருக்கும். ரேஷன் அட்டை, மாமியாரின் இறப்புச் சான்றிதழ், எல்லாம். எனவே ஒவ்வொரு சீட்டையும் கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு வாரம் முன்னாலேயே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைப்பார்கள். தினமும் விளக்கேற்றும்போது தொட்டவ்வ முகமும் கண்ணில் படும். இந்த யோசனை என்னுடையது. ரேணவ்வ, “உன் மூளையே மூளைடி” என்றாள்.

அந்தக் காகிதத்துக்குப் பிளாஸ்டிக் ஒத்துக்கொள்ளுமா? உனக்குத்தான் தெரியும். சின்னம் கைக்கு வந்ததும் அச்சடிக்கத் தொடங்குவோம். அதற்கு முன் ஒரு வரி எழுதினால் போதும்.

சிவலீலா

*

லிங்கசுகூரு
மே 23

அக்காவுக்கு, சரணு.

நலமா என்று கேட்டு எழுதுகிறேன். போன வாரம் போனிலும் கேட்டேன். “என் லெட்டர் வந்துச்சா?” என்றேன். “மீட்டிங்ல இருக்கேன், பாக்கறேன்” என்றாய். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதச் சொன்னவள் நீ. காகிதத்தில் படி.

பதில் இல்லாததால், தடையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

சின்னம் தையல் இயந்திரம். தொட்டவ்வவுக்கு ஏக மகிழ்ச்சி. மூன்று நாளாக அச்சடித்து, உறையில் போட்டு, வார்டு முழுவதும் கொடுத்து முடித்துவிட்டோம். எதிராளியின் ஆட்கள் கையால் எழுதிய துண்டுக் காகிதம் கொடுக்கிறார்கள். நம்முடையதைப் பார்த்து எல்லோரும், “ஏடிஎம் கார்டு மாதிரி இருக்குதே!” என்கிறார்கள். தொட்டப்பா என்னைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாக, “பரவாயில்லையே நீ” என்றார்.

இதையும் களத்திலிருந்து வந்த கருத்து என்று சொல்லிக்கொள்.

ஓட்டுப்போட வந்துவிடுவாய் அல்லவா? உன் பெயர் இன்னும் நம் வார்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. உன் சீட்டையும் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

சிவலீலா

*

லிங்கசுகூரு
ஜூன் 2

ஸ்பூர்த்தி அக்காவுக்கு, சரணு.

வீட்டில் எல்லோரும் உடம்பால் நலம்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் கும்பாரத் தெருவிலிருந்து ஒரு பெண் தன் உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளைக் காகிதம். படம் இல்லை, பெயர் இல்லை, எண் இல்லை. சாமி முன்னால் வைத்ததால் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அழுதாள். அடுத்து நான்கு பேர். அடுத்து தெருவே வந்தது. நம் வீட்டுச் சாமியறைக்கு ஓடிப் பார்த்தேன். என்னுடையதும் வெள்ளை. உன்னுடையதும் வெள்ளை. உற்றுப் பார்த்தால் தொட்டவ்வவின் மூக்குத்தி இருந்த இடத்தில் மட்டும் ஒரு நிழல்.

பிரசார நேரம் முடிந்துவிட்டது என்றும் பார்க்காமல், மத்தியானத்துக்குள் எதிராளியின் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டியாயிற்று. “கங்கவ்வ ஜெயிச்சா என்ன செய்வாங்கன்னு சீட்டுலயே எழுதிக் கொடுத்துட்டாங்க, பாத்துக்குங்க!” ஊரே சிரித்தது. ரேணவ்வகூடச் சிரித்துவிட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தொட்டப்பா உனக்குப் போன் செய்தார். நீ கத்தியது சமையலறைவரை கேட்டது. “பிளாஸ்டிக்ல யாரு போடச் சொன்னா? எழுத்து பறந்துடும்னு பிரிண்டர் விக்கறவன் முதல் நாளே சொன்னான்! அவ வேணும்னே பண்ணியிருக்கா, உங்களுக்குப் புரியலையா?” என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை அவர். இந்த வீட்டில் என்னிடம் எதையும் கேட்கும் வழக்கம் இல்லை.

மறுபடி அச்சடிக்க உட்கார்ந்தோம். ரேணவ்வ போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். “லீலா, நீ சிவப்புல இருக்கேடி.” நான் சிரித்தேன். “விளையாடாதே.” “அடி, நிஜமா. நேத்துவரைக்கும் பச்சை. இந்தா பாரு.” பார்த்தேன். உன் அம்மாவுக்கு ரொட்டி தட்டிய மாவு கையில் காயவில்லை, நான் எதிராளி.

நாற்பத்தாறு ஓட்டில் தோற்றாள் தொட்டவ்வ. நீ வரவில்லை. செயலியைக் கவனிக்க வேண்டும் என்று பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகத் தொட்டப்பா சொன்னார். எண்ணிக்கை மையத்திலிருந்து திரும்பும்போது தொட்டவ்வ, “அப்பாடா, இனி கண்டவனையெல்லாம் கும்பிட வேண்டாம்” என்றாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வரவில்லை.

நான் தையல் இயந்திரத்தைத்தான் அழுத்தினேன். உன் செயலிக்கு அது தெரிய வழியில்லை. நம்புவதும் விடுவதும் உன் இஷ்டம்.

மே நான்காம் தேதிக் கடிதத்தைப் படித்தாயா?

சிவலீலா

*

பெங்களூரு
ஜூன் 15

லீலா,

நலம் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். அம்மா போனை எடுக்கிறாள், “சாப்டியா?” என்று கேட்கிறாள், வைத்துவிடுகிறாள்.

மே நான்காம் தேதிக் கடிதத்தையும் அடுத்து வந்ததையும் தேர்தலுக்கு மறுநாள்தான் பிரித்தேன். உன் யுகாதிக் கடிதம் என்னை அப்படிக் குத்தியது. புது உறையைப் பார்த்தபோது, உள்ளே இன்னொரு கூட்டம், இன்னொரு கைதட்டல், என் அம்மா உனக்குக் கொடுத்த இன்னொரு பொருள் இருக்கும் என்று நினைத்தேன். மேசையில் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். உறை மேல் வட்டமாகக் கறை இருக்கிறது. நீ ஒரு வரி கேட்டிருந்தாய். எனக்கு அந்த ஒரு வரி தெரிந்திருந்தது.

நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது எனக்குப் பழகிப்போயிருந்தது, உண்மையைச் சொன்னால் பிடித்தும் இருந்தது. திருப்பி நான் உன்மேல் படுவேன் என்றுதான் எதிர்பார்க்கவில்லை. நீ மைக்கைப் பிடித்து நின்ற அந்த வீடியோவில் நீ நீயாக இல்லை. அல்லது முதல்முறையாக நீயாக இருந்தாய். அம்மா உன்னைப் பார்த்த மாதிரி என்னை எந்தத் திரையிலும் பார்த்ததில்லை.

சிவப்பாக்கியது நான்தான். அப்பாவிடம் பேசி முடித்ததும் செய்தேன். அந்த மாலையே மாற்றியிருக்கலாம், நான்கு நாள் விட்டுவைத்தேன். அதன் பிறகுதான் பச்சையாக்கினேன். போய்ப் பார்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “சரி, விடு” என்றார். உன்னிடம் ஏதாவது சொன்னாரா?

ஸ்பூர்த்தி

*

லிங்கசுகூரு
ஜூன் 28

அக்காவுக்கு, சரணு.

மழை தொடங்கிவிட்டது. தொட்டவ்வவின் கால் கொப்புளம் ஆறிவிட்டது. நேற்று முதல் அவள் ரேணவ்வ வீட்டுத் திண்டாட்டம், கும்பாரத் தெருச் சண்டை என்று எல்லாவற்றுக்கும் போகத் தொடங்கிவிட்டாள். தோற்றவள் என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. தொட்டப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று நான் பரிமாறியபோது, “நீ சாப்டியா?” என்று கேட்டார். அவர் வரையில் அது பெரிய அறிக்கை.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கோபப்பட நினைத்துத்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்தேன்.

என்னைச் சிவப்பில் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று சொல்கிறேன். அவமானம் பிறகுதான் வந்தது. அதற்கு முன், ஒரு நொடி, விசித்திரமான ஒரு திருப்தி இருந்தது. பச்சை நீ யோசிக்காமல் போட்டது. வீட்டு முகவரியைப் பார்த்துப் போட்டது. அடுப்பு, செம்பு, லீலா என்ற மாதிரி. சிவப்பு போட நீ என் பெயரைத் தேடி, என்னைப் பற்றி யோசித்து, விரலை வைத்திருக்கிறாய்.

உனக்குத் தெரிந்தது ஒரு வரி என்றாய். எனக்கும் ஒன்று உண்டு. போனைச் செம்பில் சாய்த்துவைத்து உன்னை நிற்கச் சொல்லிக் கேட்ட அன்று, நான் உன் படத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். நான் நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ சிரித்தாய், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். ஆறு மாதமாக உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த வரியைத் தவிர மற்றதையெல்லாம் எழுதியிருக்கிறேன். பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான். அந்தச் சீட்டில் என்னுடையது என்று ஒன்று இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இருந்தது. அது எழுத்தையெல்லாம் தின்றுவிட்டது.

இப்போது சொல்கிறேன். அடுத்த முறை நான் நிற்கிறேன். வார்டு யாருக்கு வந்தாலும் சரி.

என்னைப் பச்சையில் வைக்காதே. மஞ்சளில் வை. அடுத்த தடவை கேட்டுவிட்டு நிறம் போடு.

சேலையை அனுப்பமாட்டேன். அது என்னுடையது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கி,
சிவலீலா

*

இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அந்த வருடக் கடைசியில் நெரெஹொரெ மறுபடி தண்ணீர் லாரிக்கே திரும்பியது என்று தொட்டவ்வ மூலம் தெரிந்தது. ஸ்பூர்த்தி வேறு கம்பெனிக்குப் போனாள்.

அடுத்த தேர்தலிலும் ஐந்தாம் வார்டு பெண்களுக்கே வந்தது. தொட்டப்பா போனை எடுக்குமுன் நான் சொல்லிவிட்டேன். அவர் செம்பை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, “முன்மொழிய யாரு?” என்றார். முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஸ்பூர்த்தி தன் ஓட்டைப் பெங்களூருக்கு மாற்றவே இல்லை. அவளைக் கேட்டுக் காகிதத்தில் ஒரு வரி எழுதினேன்.

மனு தாக்கலின் கடைசி நாள் காலை அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் புரசபை அலுவலகத்துக்கு வந்தாள். நான் மாதுளை நிற இல்கல் சேலை கட்டியிருந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, முன்மொழிபவர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.